ஏட்டி, பிரேக்கை அமுக்கு

சாயங்காலமானால் எங்கள் தெருத் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். கோவில்பட்டியில் அப்போது பாதி வீடுகளுக்கு அதுதான் பிழைப்பு. மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாடை, அதற்குமேல் அப்பாவின் அம்பாசடரிலிருந்து சூடாகக் கிளம்பும் ஆயில் வாடை; இரண்டும் சேர்ந்து வந்தால் நான் பலகையையும் பல்பத்தையும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

அன்றைக்கு அப்பா காப்பிகூடக் குடிக்காமல் நேரே காரின் பின்பக்கம் போய்க் குனிந்தார். வலதுபக்கச் சிவப்பு எரியவில்லை என்று மதுரை ரோட்டில் ஒரு லாரிக்காரர் சொல்லியிருக்கிறார். ராத்திரி திருச்செந்தூர் சவாரி வேறு இருந்தது. "முன்னால லைட்டு இல்லன்னா நமக்குத் தெரியும். பின்னால இல்லன்னா வாறவன் சொன்னாத்தான உண்டு" என்றபடி சிவப்பு மூடியின் திருகுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். தொலைத்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் இறுக்கிப் பிடித்த பிடியில் திருகுத்தடம் கையில் பதிந்துவிட்டது.

பல்பை லேசாக அமுக்கித் திருப்பினால் வெளியே வந்துவிடும். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. காதோரம் ஆட்டினேன், அறுந்த கம்பி கிணுகிணு என்றது. புதுப் பல்பை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார் அப்பா. உள்ளே இரண்டு கம்பி: 5 வாட் ராத்திரி பூரா எரிய, 21 வாட் பிரேக் பிடித்தால் மட்டும் பளிச்சென்று எரிய. மாட்டுகிறேன் என்று வாங்கியவள் எப்படித் திருப்பியும் அது உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு குமிழும் ஒரே உயரத்தில் இருக்காதாம், மாற்றி மாட்டி இரண்டு கம்பியும் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்களாம். யாரோ முகம் தெரியாத ஒருவர் இத்தனை யோசித்திருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. இன்னமும் இருக்கிறது.

மாட்டியும் எரியவில்லை. "எர்த்து கெடைக்கல" என்றார் அப்பா. எதிர்வீட்டு ஆச்சி ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். அதன் மருந்துப் பட்டையால் ஹோல்டரின் துருவைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார்.

"ஏட்டி, உள்ள போயி பிரேக்கை அமுக்கு."

சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. கீழே இறங்கி, ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கி, இரண்டு காலாலும் மிதித்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "எரியுதுட்டி!" என்று ஆச்சியின் குரல் மட்டும் வந்தது.

நான் பார்க்கவில்லையே என்று அழுதேன். அப்பா சிரிக்காமல் போய் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். நான் பின்னால் ஓடினேன். ஆச்சி காயவைத்திருந்த வெற்றுப் பெட்டிகள் சுளகு நிறையச் சிவந்திருந்தன.

"இன்னொரு தடவைப்பா."

மிதித்தார்.