ஆறு வாரச் சிசுவுக்கு உல்லாசப் பிரயாணமா?

அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வசிக்கும் என் பெண்ணும் மாப்பிள்ளையும் 2023 ஜூலையில் பெரிய விவாதமொன்றில் இறங்கினார்கள். பிளாரிடா மாகாணத்தில் 1971-ம் வருஷம் திறக்கப்பட்ட டிஸ்னி வோர்ல்டு என்னும் கேளிக்கை உலகத்துக்கு, ஆறு வயதுப் பேரனை அழைத்துப் போவதாக வாக்களித்திருந்தார்கள். இடையில் பேத்தி பிறந்துவிட்டாள். அவளுக்கு வயது ஆறு வாரம்!

மாப்பிள்ளையின் கட்சி பலமானதுதான். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. (இலவசம் என்றதும் நம்மவர்களுக்கு உண்டாகும் உற்சாகத்தைச் சொல்லவும் வேண்டுமோ?) பாலூட்டவும் துணி மாற்றவும் தனி இடங்கள் உண்டு.

ஆனால் ஜூலை மாதத்துப் பிளாரிடா, புழுக்கத்தில் சென்னைக்குச் சளைத்ததன்று. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு வெயில் தடுக்கும் களிம்புகூட வேண்டாம், நிழலே கதி என்கிறார்கள் வைத்தியர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவின் உடம்பு 100.4 டிகிரி காட்டினால் உடனே டாக்டரிடம் ஓடவேண்டும். 2014 டிசம்பரில் கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்தில் தட்டம்மை பரவியதையும் என் பெண் நினைவுபடுத்தினாள். அதற்கான ஊசியைச் சாதாரணமாக ஒரு வயதில்தானே போடுகிறார்கள்!

அப்படியானால் எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்றால், மூத்தவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தங்கை வந்த நாளிலிருந்து அவனுக்குக் கிடைத்ததெல்லாம் "சத்தம் போடாதே" என்ற உபதேசம் ஒன்றுதான். ஆகவே தகப்பனும் பிள்ளையும் மட்டும் புறப்பட்டார்கள். மிக்கி மௌஸை முதன்முதலாகக் காணும்போது பிள்ளையின் பக்கத்தில் இருக்கவேண்டுமென்று என் பெண்ணுக்கு எவ்வளவோ ஆசை. கார் தெருக்கோடியில் மறையும்வரை வாசலிலேயே நின்றாள். பேத்தி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.