சுவாதியின் ஒலி

பழைய கைப்பேசியிலுள்ள பெயர்களையும் புகைப்படங்களையும் குறுஞ்செய்திகளையும் ஒன்று விடாமல் புதியதில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிற செயலி, செய்தி வந்ததை அறிவிக்கும் அந்தச் சிறு ஒலியை மட்டும் ஏன் கைவிட்டு வருகிறது என்ற கேள்விதான் என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது. பல வருஷங்களாகக் கேட்டுப் பழகிய ஒலி; கல்யாண வீட்டுச் சந்தடியிலும் என்னுடையது இன்னது என்று செவி தானே பிரித்துணரும். புதிய கருவியோ, தன்னைத் தயாரித்த கம்பெனியின் முத்திரை ஒலியையே எழுப்பிக்கொண்டிருந்தது. நம் சட்டைப்பையில் இருந்துகொண்டு பிறருக்கு விளம்பரம் செய்கிற இந்த வழக்கம் எனக்கு ரசிக்கவில்லை.

காரணம் எளியதே. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இவ்வித ஒலிகள் நம் சொந்தக் கோப்புகளோடு இருப்பவையல்ல. 'சிஸ்டம்', 'மீடியா', 'ஆடியோ', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று ஒன்றனுள் ஒன்றாக அமைந்த ஃபோல்டர்களில், தயாரித்தவர் வைத்தபடி கிடப்பவை. செட்டிங்ஸில் நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பதிவாவது ஒலியன்று, அதன் விலாசம் மாத்திரமே. போய்ச் சேர்ந்த ஊரில் அந்த வீடே இல்லாதபோது விலாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே பழைய கைப்பேசியைக் கேபிளால் கணினியோடு இணைத்து, யுஎஸ்பி டீபக்கிங் என்னும் வசதியைத் திறந்து, அந்த ஃபோல்டரின் ஜாபிதாவைத் திரையில் வரவழைத்தேன். கனோபஸ், கபெல்லா, போலக்ஸ், ஸ்பைகா, வேகா என்று வரிசையாக இறங்கிய பெயர்களைக் கண்டதும் வந்த வேலை மறந்துபோயிற்று. கனோபஸ் நம்மவர் அகத்தியர் என்று வணங்கும் நட்சத்திரம், ஸ்பைகா சித்திரை, போலக்ஸ் புனர்பூசத்தைச் சேர்ந்தது, வேகா அபிஜித். நான் தேடி வந்த ஒலியின் பெயர் ஆர்க்டுரஸ், அதாவது சுவாதி!

ஆண்ட்ராய்டின் மூலநிரல் எவரும் பார்க்கக்கூடியபடி பகிரங்கமாக இருப்பதால், இது யாருடைய தற்செயலான விருப்பமோ என்ற சந்தேகமும் விரைவில் தீர்ந்தது. அங்கே அழைப்பு மணிகளுக்குப் பெரும்பாலும் ஓரியன், பெகாசஸ், காசியோபியா முதலிய நட்சத்திர மண்டலங்களின் பெயர்கள். அறிவிப்பு ஒலிகளில் பலவற்றுக்குத் தனி நட்சத்திரங்கள். அலாரங்களுக்கோ ஹீலியம், நியான், கிரிப்டான் என்று ரசாயன மூலகங்கள். நீண்டு ஒலிப்பதற்கு மண்டலமும் கணத்தில் முடிவதற்கு ஒற்றைத் தாரகையுமாக வகுத்த அந்த அநாமதேய ரசிகரை மெச்சத்தான் வேண்டும். காலையில் தூக்கத்தைக் கெடுக்கும் மணிக்கு ரசாயனமே போதும் என்று அவர் நினைத்திருந்தால் அதுவும் நியாயமே.

ஆர்க்டுரஸ் செய்தி அறிவிப்பது இதுதான் முதல் தடவை என்றும் சொல்வதற்கில்லை. 1933-ஆம் ஆண்டு மே மாதம் சிகாகோவில் உலகக் கண்காட்சி தொடங்கியபோது, இந்த நட்சத்திரத்தின் ஒளியைத் தொலைநோக்கிகளால் குவித்து, ஒளிமின்கலத்தின் மேல் விழச் செய்து, அதில் பிறந்த மின்சாரச் சமிக்ஞையைக் கொண்டே கண்காட்சியின் விளக்குகளை ஏற்றினார்கள். அந்த ஒளி, அதே நகரில் 1893-இல் நடந்த முந்தைய கண்காட்சியின்போது புறப்பட்டது என்பது அவர்கள் கணக்கு; அக்காலத்தில் ஆர்க்டுரஸ் நாற்பது ஒளியாண்டு தூரத்தில் இருப்பதாக எண்ணியிருந்தார்கள். இன்றைய அளவையில் அது சுமார் 37 ஒளியாண்டு. மூன்றாண்டு வித்தியாசத்துக்காக இவ்வளவு அழகான யோசனையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிச்ச வேலை சொற்பமே. கோப்பைக் கணினிக்கு இறக்கி, புதிய கைப்பேசியின் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' ஃபோல்டரில் வைத்ததும், ஒலிகளின் பட்டியலில் ஆர்க்டுரஸ் தானாக வந்து நின்றது. இதை வீட்டில் விஸ்தாரமாகச் சொல்லப்போக, சித்திரையில் பிறந்த என் மைத்துனர் தமக்கும் ஜன்ம நட்சத்திர ஒலி வேண்டும் என்று கைப்பேசியை நீட்டினார். ஸ்பைகாவை ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, உங்களுடையதே தேவலை போலிருக்கிறதே" என்றார்.