பார்ப்பவர் படமாகும்போது

வைத்த கண் வாங்காமல் பார்ப்பது என்னும் தமிழ்த் தொடரில் வியப்பும் ஆசையும் கலந்திருக்கலாம். ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவர் தெருவில் இறங்கும்போது அவர்மேல் படியும் பார்வை, அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்கென்று ஒரு கதையைக் கட்டி முடித்துவிடுகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1985இல் கால்கள் இரண்டும் இன்றிப் பிறந்த கெவின் கானலி, அந்தப் பார்வையையே தம் ஒளிப்படக் கலைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

கல்லூரி மாணவராக இருந்தபோது, ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப் பலகையில் அமர்ந்து, கைகளால் தரையை உந்தியபடியே பல நாடுகளைச் சுற்றி, 30,000க்கும் மேற்பட்ட படங்களை அவர் எடுத்தார். கேமராவை இடுப்பளவில் பிடித்து, வியூஃபைண்டர் என்னும் காட்சித் துளையில் கண்ணை வைக்காமலேயே பொத்தானை அழுத்துவது அவர் முறை. கேமராவைக் கண்ணருகே உயர்த்தினால் எதிரே நிற்பவர் சுதாரித்து முகத்தை மாற்றிக்கொள்வார், வெறித்த அந்தக் கணம் கைநழுவிப் போகும்.

போஸ்னியாவின் சரயேவோவில் அவரைக் கண்ணிவெடியில் கால் இழந்தவர் என்றும், நியூசிலாந்தில் சுறாவிடம் சிக்கியவர் என்றும், சொந்த மொன்டானாவிலேயே ஈராக் போரிலிருந்து திரும்பிய வீரர் என்றும் ஊகித்தவர்கள் இருந்தனர். அந்தந்த மண் எதில் காயம்பட்டதோ, எதற்கு அஞ்சுகிறதோ, அதுவே அவர் உடலுக்கு விளக்கமாக வந்து நின்றது. பிறவியிலேயே அவர் அப்படித்தான் என்னும் எளிய உண்மைக்கு அந்த ஊகங்களில் இடமே இருக்கவில்லை.

கானலிக்கு முன்பு, ஒளிப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ் 1970இல் நியூயார்க்கில் எடுத்த புகழ்பெற்ற படமொன்றில், அசாதாரண உயரம் கொண்ட மகன் வீட்டுக் கூரைக்கடியில் குனிந்து நிற்க, தாய் அவரை அண்ணாந்து பார்க்கிறார். பரிவு நிறைந்த படம்தான். ஆயினும் கேமரா பிறர் கையில் இருந்தமையால், அந்த மகனின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிந்தது என்பதை அதனால் காட்ட இயலவில்லை.

கானலியும் முன் அனுமதி கேட்காமலே படம் பிடித்தார் என்பது நியாயமான ஆட்சேபமே. எனினும் அவர் படங்களிலுள்ள முகங்களில் கொடுமையைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. குழப்பமும் இரக்கமும் குழந்தைகளின் கள்ளமற்ற ஆர்வமுமே தென்படுகின்றன. எல்லா முகங்களும் கீழ்நோக்கிக் கவிந்திருக்கின்றன. கேமரா தரையை ஒட்டி இருந்ததால், இரு கால்களில் நிமிர்ந்து நின்று அவற்றைக் காண்பவரும் அந்தப் பலகையின் உயரத்துக்கு இறங்கி, அந்நியர் பலரின் பார்வையை அண்ணாந்து ஏற்க வேண்டியவராகிறார்.