இலைக் கணக்கு

சென்ற வைகாசியில் நமது தமக்கை மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். விமானம் நள்ளிரவில் வந்து சேர்ந்தது. அவனை அழைத்துக்கொண்டு வாடகைக் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் மறைந்த பின்னும் அனல் தணியாத தில்லி இரவு. நடைபாதைகளிலும் மேம்பாலத்தின் அடியிலும் ஜனங்கள் வரிசை வரிசையாகப் படுத்துறங்கினர். பையன் கண்ணாடி வழியே அவர்களைப் பார்த்துப் பெருமூச்செறிந்தான்.

“மாமா, இவ்வளவு ஜனங்களைப் பூமி எப்படித் தாங்கும்? உலகம் வெப்பமாகி வருவதற்கு இதுதானே காரணம்?” என்றான்.

நாமும் “உண்மைதான் அப்பா” என்று தலையசைத்தோம். காரின் குளிர்சாதனம் இதமாக வீசிக்கொண்டிருந்தது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இதே பேச்சை முன்னரே எங்கோ கேட்டிருக்கிறோம் என்ற எண்ணம் உறுத்திற்று. பிறகு நினைவுக்கு வந்தது. பால் எர்லிக் என்ற அமெரிக்க உயிரியல் பேராசிரியர் 1968-ஆம் ஆண்டில் ‘ஜனத்தொகை வெடிகுண்டு’ எனப் பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டார். மனைவியுடனும் மகளுடனும் இதே தில்லியில், ஒரு வெக்கையான இரவில், வாடகைக் காரில் சென்றபோது கண்ட கூட்டத்தை வருணித்தே அந்நூல் தொடங்குகிறது. 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்றும் அதில் அவர் எழுதினார். அவர் அஞ்சிய அளவில் அது நிகழவில்லை. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தில்லியின் ஜனத்தொகை சுமார் 27 லட்சம். ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸ் மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்தோர் 70 லட்சத்துக்கும் அதிகம். ஆயினும் பாரிஸ் வீதியைக் கண்டு, பூமி தாங்குமா என்று நடுங்கி எவரும் நூலைத் தொடங்கியதாக நாம் அறியோம். அப்படியானால் தில்லியில் அச்சமூட்டியது தலைகளின் எண்ணிக்கை மட்டுமன்று. வறுமை வீதிக்கு வந்து படுத்திருந்த காட்சியே.

இத்தகைய அச்சம் நூலோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு கூற வேண்டியதில்லை. அது நமது வீட்டுப் படிக்கட்டு வரை வந்தது.

நெருக்கடி நிலைக் காலம். நமது தந்தையார் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் இரண்டே அறைகள். பெற்றோர், பாட்டி, பிள்ளைகள் ஐவர் என எட்டுப் பேர் வாழ்ந்தோம். ஒரே மின்விசிறி. 1976-இல், கருத்தடை அறுவைக்கு ஆளொருவரை அழைத்து வந்து சான்றிதழ் காட்டாவிடில் சம்பளம் நிறுத்தப்படும் என்று அவருக்கு மேலிருந்தோர் கூறிவிட்டனர். தந்தையார் பல நாள் தவித்தார். முடிவில், படிக்கட்டின் அடியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுபவரிடம் பேசினார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஓர் ஆண் குழந்தை வேண்டும் என்ற ஆசையும் உண்டு. “பாபுஜி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று அந்த மனிதர் எழுந்து சென்றார். சிறிது பணமும் ஒரு டப்பா நெய்யும் பெற்றுத் திரும்பினார்.

ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர், இரண்டு பெற்றவரை அழைத்துச் சென்றார். அன்றிரவு தந்தையார் அம்மாவிடம், “சர்க்காருக்குக் கணக்குக் காட்டிவிட்டேன், அந்த மனிதனுக்கு என்ன கணக்குக் காட்டுவேன்?” என்று கூறியதை நாம் போர்வைக்குள்ளிருந்து கேட்டோம். 1976–77 என்ற அந்த ஓராண்டில் மட்டும் இத்தேசத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமானோர்க்கு இவ்வறுவை நிகழ்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்.

மறுநாள் காலை மருமகனிடம் இவற்றைக் கூறினோம். அவன் கற்றவன், கணக்குக் கேட்டான். கணக்கும் கூறினோம்.

உலகத்தை ஒரு கல்யாணப் பந்தியாக எண்ணிக்கொள்வோம். நமது தேசத்தின் வரிசையில் 140 கோடிக்கும் மேற்பட்ட இலைகள். அமெரிக்க வரிசையில் சுமார் 34 கோடி இலைகள். அண்மை ஆண்டுகளில் கரியமில வாயு நமக்குத் தலைக்குச் சுமார் 2 டன். அவர்களுக்குச் சுமார் 14 டன். ஆகவே, நான்கு மடங்குக்கு மேல் இலை போட்ட வரிசையைக் காட்டிலும் சிறிய வரிசைக்கே அதிகம் பரிமாறப்படுகிறது. இதுவரை உண்டு முடித்த பந்திகளைப் பார்த்தாலோ, இயந்திரத் தொழில் தொடங்கிய நாள் முதல் மனிதர் வெளியிட்ட கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. நமது பங்கு நூற்றில் நான்குக்கும் குறைவு. 1991-இல் தில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதைத்தான் வாதிட்டனர்: உயிர் வாழ்வதற்கான புகையையும் சுகபோகத்துக்கான புகையையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று என்றனர்.

இதனால் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை என்று நாம் கூறவில்லை. யமுனையின் நீர் அளவுடையது. குடிப்போர் பெருகினால் குடத்துக்கு வரும் நீர் குறையும். எர்லிக்கும் பின்னர் ஜான் ஹோல்டிரனுடன் சேர்ந்து, ஜனத்தொகை, தலைக்கு ஆகும் நுகர்வு, தொழில்நுட்பம் ஆகிய மூன்றின் பெருக்கலே பாதிப்பின் அளவு என்று விளக்கினார். ஆயினும் அம்மூன்றில் முதலாவது நமது தேசத்தில் ஏற்கெனவே தணிந்துவிட்டது. 1950-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகச் சுமார் 6 பிள்ளைகள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 2.0. தமிழ்நாட்டில் 1.8, தில்லியில் 1.6. பெண்கள் படித்தனர், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, குடும்பம் தானே சிறுத்தது. தணியாதது இரண்டாவதே.

மருமகன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “மாமா, இந்த வீட்டில் இப்போது எத்தனை பேர்?” என்றான்.

“மூவர்.”

“குளிர்சாதனப் பெட்டிகள்?”

மூன்று. கீழே ஒரு கார். அவன் மேலும் கேட்கவில்லை. எட்டுப் பேருக்கு ஒரே மின்விசிறி சுழன்ற வீட்டிலிருந்து, ஆளுக்கொரு குளிர்சாதனம் வைத்த வீட்டுக்கு நாம் வந்திருக்கிறோம். தேசத்தின் சராசரியான இரண்டு டன்னுக்குப் பின்னே ஒளிந்துகொண்டு மேல்நாட்டாரை நோக்கி விரல் நீட்டுவது நமக்கு எளிதாயிருந்தது. அந்தச் சராசரியைத் தாழ்த்தி வைத்திருப்பவர்களோ மேம்பாலத்தின் அடியில் உறங்குகிறார்கள். நமது இலை மருமகனின் இலைக்கு அருகில்தான் போடப்பட்டிருக்கிறது.

வெளியூரில் வந்து உழைத்து முன்னேறிய நமது சங்கத்துக் குடும்பங்களுக்குச் சுகம் பாவம் என்று உபதேசிக்க நாம் முற்படவில்லை. தில்லி வெயிலை அறியாதவர்களும் அல்லோம். ஆனால் தண்ணீர் லாரி வராத நாளிலும், புகை மூட்டம் கவிந்த கார்த்திகை மாதத்திலும், “இந்த ஜனங்கள் பெருகிவிட்டார்கள்” என்ற சொல் நமது கூடத்திலும் எழுவதுண்டு. அதைக் கூறும் முன் இலையைப் பார்ப்பது நலம்.

அன்றிரவு மூன்று அறைகளையும் பூட்டிவிட்டு, கூடத்தில் பாய் விரித்து நால்வரும் ஒரே குளிர்சாதனத்தில் படுத்தோம். இது பெரிய தியாகமன்று. தந்தையார் காட்ட இயலாத கணக்குக்கு இது ஈடும் அன்று. மருமகன் ஊர் திரும்பிய பின்னும் கோடை முடியும் வரை அவ்வாறே படுத்துறங்கினோம்.