ஒளியியலும் ஒரு கடிதமும்

விடுதியில் எம்முடன் ஓரறையில் உறையும் நண்பர் பௌதிகம் பயில்பவர். பட்டம் பெற்றபின் அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் ஒளியியல் கற்கவேண்டுமென்பது அவர்தம் நெடுநாள் அவா. தந்தையாரோ இசைந்திலர். அவர் சிற்றூர் ஒன்றிற் புகைப்பட நிலையம் நடத்தியவர். பிலிம் வழக்கொழிந்தபின் இருட்டறையைப் பூட்டியவர். "ஒளியை நம்பி நான் இழந்தது போதும், நீயும் இழக்கவேண்டா" என்று மகனுக்கு எழுதிவிட்டார். தமிழ் பயில்வோர் என்னுங் காரணத்தால், அவர் மனங்கொள்ளுமாறு ஒரு கடிதம் வரையும்படி நண்பர் எம்மை வேண்டினார்.

பொருளறியாது சொல்லடுக்குதல் தமிழ் கற்பார்க்கு அழகன்று. ஆதலின், ஒரு கிழமை நண்பர்க்கே மாணவராயினோம். அச்சர்வகலாசாலையின் ஒளியியற் கழகம் 1929-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அந்நகரத்துத் தொழில் நிலையங்களாகிய ஈஸ்ட்மன் கோடாக்கும் பாஷ் அண்டு லோமும் அதற்குத் துணைநின்றன. வில்லைகளை வகுத்தமைத்தல், ஒளி அலையாக இயங்கும் முறை, லேசர், கண்ணாடி இழைவழிச் செய்தி செலுத்துதல் முதலியன ஆங்குக் கற்கப்படுவன. கற்றோர் புகும் தொழில்களும் பல. காமிரா வில்லை வகுப்பார் சிலர். கடலடி இழைகளிற் செய்தி செல்ல வழிசெய்வார் சிலர். கணினிச் சில்லுகளில் நுண்கோடுகளை ஒளியால் வரையும் பொறியமைப்பார் சிலர். தொலைநோக்கியின் ஆடியைத் தேய்த்துச் செம்மைசெய்வார் சிலர். 1985-இல் அங்கு ஆய்வு மாணவியாயிருந்த டோனா ஸ்டிரிக்லண்டு அம்மையார், தம் ஆசிரியர் ஜெரார் மூருவுடன், லேசர்த் துடிப்பை நீட்டிப் பெருக்கிப் பின் குறுக்கும் முறையைக் கண்டார். கண் சிகிச்சைக்கும் பயன்படும் அம்முறைக்காக இருவரும் 2018-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர்.

"இவையெல்லாம் எழுதுக, வேலை உறுதியென்றும் எழுதுக, கோடாக்கின் பெயரை மட்டும் விடுக" என்றார் நண்பர். பிலிமினாற் பெயர்பெற்ற அந்நிலையம் 2012-இற் கடன் சுமையால் நீதிமன்றத்தின் காப்பை நாடியது. அப்பெயரே தந்தையாரது கடைப்பலகையிலும் இருந்தது. யாம் உடன்படவில்லை. மறைத்துப் பெறும் இசைவு நெடுநாள் நில்லாது. நண்பரோ இரண்டு நாள் எம்மோடு பேசாதிருந்தார். "தமிழ் படித்து என்ன செய்வாய்?" என வினவிய உறவினர்க்கெல்லாம் யாம் வீறாப்பே விடையாகத் தந்தது அப்பொழுது நினைவில் வந்து நாணினோம். உறுதி கூற எமக்கும் ஒன்றுமில்லை, விருப்பமொன்றே உண்டு.

ஆகவே உள்ளதை உள்ளவாறே எம் பெயரால் எழுதினோம்: "கோடாக் தளர்ந்தது, அது துணைநின்ற கழகம் இன்றும் நிற்கின்றது. பிலிம் மறைந்தது, வில்லையோ கைப்பேசிதோறும் குடிபுகுந்துள்ளது. தொழில்கள் மாறும், ஒளியின் இயல்பை அறிந்தவர் அம்மாற்றத்தோடு தாமும் செல்லவியலும். ஐயா, வேலை உறுதியென யாம் கூறோம். தங்கள் மகனார்க்கு இவ்வாசை தங்கள் இருட்டறையிலேயே பிறந்ததென்பதை மட்டும் அறிவோம்."

பத்தாம் நாள் மறுமொழி வந்தது. "கோடாக்கை மறைக்காமல் எழுதிய தம்பிக்கு என் நன்றி சொல். விண்ணப்பம் போடு. உதவிப்பணம் கிடைத்தால் போய் வா. கடன் வாங்கி அனுப்ப என்னால் இயலாது." நண்பர் அதனை இருமுறை படித்து, மடித்து, எம் கையிற் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விண்ணப்பம் சென்றுள்ளது, விடை இன்னும் வந்திலது. வருங்கால் அடுத்த ஆண்டு மலரில் அன்பர்க்கு அறிவிப்போம்.