மிசிசிப்பிக் கரையில் முற்பகல் விருந்து

நற்கருணை வாங்கும் நாளில் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது என்றிருந்த காலத்தை நம் பங்குகளில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1953-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் குடிப்பதால் உபவாசம் முறியாது என்று அறிவித்தார். 1957-இல் அது மூன்று மணி நேர உபவாசமாயிற்று. 1964-இல் ஆறாம் சின்னப்பர் அதனை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். அதற்கு முன்பெல்லாம் பாட்டுப் பூசை முடிந்து, பிரசங்கம் நீண்டிருந்தால் அதையும் பொறுத்து, வெயில் ஏறிய பின் வீடு திரும்பி உண்ட முதல் கவளத்துக்கு ஈடாக எந்த விருந்தைச் சொல்லுவது? காலை உணவென்றும் சொல்ல முடியாது, பகல் உணவென்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே நின்ற உணவு அது.

அந்த உணவுக்கு மேல்நாட்டார் ஒரு பெயரிட்டு, அதனையே ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள் என்பதை, அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் சென்ற ஆண்டு ஐந்து வாரம் தங்கியபோது கண்டோம். பேத்தியின் புதுநன்மைக்காகச் சென்றிருந்தோம். மகனுக்கு அங்கே மருத்துவமனையில் வேலை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவன் அவ்வூர்ப் பெண்ணொருத்தியைக் கோவிலில் முறைப்படி மணந்தபோது நாங்கள் போகவில்லை. விடுமுறை கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லிவைத்தோம். உண்மை வேறு. மணப்பெண் கறுப்பினத்தவள். கத்தோலிக்கப் பெண்தான், நல்ல குடும்பம்தான் என்று மகன் எழுதிய கடிதங்கள் அலமாரிக்குள்ளே கிடந்தன. திருமணப் படமும் அவற்றோடு கிடந்தது. இதனை எழுத எங்களுக்கு நாணமாகவே இருக்கிறது. ஆயினும் எழுதாமல் விட்டால் கீழே வருவது வெறும் சாப்பாட்டுக் கதையாகிவிடும்.

1718-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய நகரம் அது. பின் ஸ்பானியர் ஆண்டனர். 1803-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விற்கப்பட்டது. ஏனைய மாநிலங்கள் கவுண்டி என்று சொல்லும் நிலப்பிரிவை லூயிசியானாவில் இன்றும் 'பங்கு' என்ற பொருள்படும் பாரிஷ் என்ற சொல்லால்தான் அரசாங்கமே குறிக்கிறது. அப்படி 64 பங்குகள்! அரசர் புனித லூயியின் பெயர் தாங்கிய பேராலயம் ஆற்றை நோக்கி மூன்று கோபுரங்களோடு நிற்கிறது. அதற்கு எதிர்ப்புறம், 1862 முதல் நடந்துவரும் காபிக் கடையில் சிக்கரி கலந்த காபி கிடைக்கிறது. முதல் மிடறு அருந்தியதும் எங்கள் இல்லத்தரசி, "இதற்காகவா இத்தனை தூரம் பறந்து வந்தோம்? நம் வீட்டுக் காபியல்லவா இது!" என்றார். முகம் என்னவோ மலர்ந்துதான் இருந்தது.

நண்பகலுக்கு முந்திய அந்த விருந்துக்கு இப்போது வழங்கும் பெயர் பிரஞ்ச். 1895-இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு பத்திரிகையில், ஞாயிறு கோவிலுக்குப் பின் கனத்த இறைச்சி விருந்துக்கு உட்காருவதை விட்டு, சற்றுத் தாமதித்து இலகுவாக உண்ணலாம் என்று வாதாடி எழுதினார். ஆனால் பெயர் பிறக்கு முன்பே நியூ ஆர்லியன்ஸில் பொருள் பிறந்துவிட்டது. ஜெர்மனியில் பிறந்து 1853-இல் அங்குக் குடியேறிய எலிசபெத் என்னும் பெண்மணி, 1863-இல் கணவரோடு டெகேட்டர் தெருவில் ஒரு காபிக் கடை வைத்தார். எதிரே பிரெஞ்சுச் சந்தை. விடியுமுன் வேலைக்கு வந்த இறைச்சிக் கடைக்காரர்களுக்குப் பதினொரு மணிக்கெல்லாம் கடும் பசி எடுக்கும். அவர்களுக்கு ஒரே பந்தியாக, முட்டை அடை, ஈரல், ரொட்டி, பழம், காபி என்று வரிசையாகப் பரிமாறினார். கணவர் இறந்தபின் பேகே என்பவரை மணந்து, பேகே அம்மையார் எனப் பெயர் பெற்றார். 1884-இல் அங்கே உலகப் பொருட்காட்சி தொடங்கியபோது வெளியூர்ச் சீமான்களும் அந்தப் பந்தியில் இடம் தேடி வந்தார்கள். கசாப்புக்காரர் கஞ்சி சீமான் வீட்டு விருந்தாயிற்று என்று சொல்லலாம். நம் நாட்டு உழவனும் விடியுமுன் ஏர் பூட்டிப் போய்ப் பத்து மணிக்குமேல் வரப்பில் அமர்ந்து கூழ் குடித்தவன்தான். அவனுக்குப் பேர் வைக்கத்தான் ஆளில்லை.

நாங்கள் போய் இறங்கியது பரிசுத்த வாரம். மருமகள் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். அவளுடைய தாயார் வரவில்லை. "வேலை" என்றார்கள். நாங்களும் "அதனாலென்ன" என்றோம். இரு பக்கமும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டினோம்.

பெரிய வியாழனன்று மருமகள் எங்களை ட்ரெமே பகுதியிலுள்ள டூக்கி சேஸ் உணவகத்துக்கு அழைத்துப் போனாள். அன்று அங்கே இடம் கிடைப்பதே அரிது. ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று அங்கே ஒரு கீரைக் குழம்பு சமைக்கிறார்கள். கடுகுக் கீரை, பசலை, முட்டைக்கோஸ், பீட்ரூட் தழை, காரட் தழை என்று பலவகை இலைகளை வேகவைத்து மசித்து, மறுநாள் சுத்தபோசனம் என்பதால் இறைச்சி வகைகளையும் அன்றே சேர்த்து முடிப்பார்கள். கீரைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கவேண்டுமாம். எத்தனை கீரையோ அந்த ஆண்டில் அத்தனை புதிய நண்பர்கள் கிடைப்பர் என்பது நம்பிக்கை. கரும்பச்சையாக, பார்வைக்கு ஒன்றுமில்லாததாகத்தான் இருந்தது. சோற்றில் ஊற்றிப் பிசைந்தபோது எங்களுக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

அந்த உணவகத்தை வளர்த்த லேயா சேஸ் அம்மையார் 1923-இல் பிறந்து 2019-இல், 96-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தவர். தம் சிற்றூரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி இல்லாததால் சிறு வயதிலேயே நகரத்துக்கு அனுப்பப்பட்டார். 1941-இல் கணவரின் பெற்றோர் தொடங்கிய சிறு கடையை, வெண்துணி விரித்த மேசைகளுள்ள உணவகமாக்கினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணச் சட்டம் இடம் கொடாத காலம் அது. அப்போதே அவர் வீட்டு மாடியறையில் இரு நிறத்தாரும் அமர்ந்து, உரிமைப் போராட்டத்துக்குத் திட்டம் வகுத்தபடி அவருடைய குழம்பை உண்டார்கள். 2005-இல் கத்ரீனாப் புயல் வெள்ளத்தில் உணவகம் மூழ்கியது. எண்பது வயது கடந்த அம்மையார் 2007-இல் மறுபடி திறந்தார். பின்னர் குடியரசுத் தலைவரான ஒபாமா ஒருமுறை வந்தபோது, சுவைத்துப் பார்க்குமுன்பே குழம்பில் காரச் சாற்றை ஊற்றப்போக, அவரையே கடிந்துகொண்டாராம். எங்கள் இல்லத்தரசிக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி இது.

ஒரே மேசையில் அமர்ந்து உண்ணக்கூடாது என்றொரு சட்டமா என்று நாங்கள் வியந்தபோது மருமகள் ஒன்றும் பேசவில்லை. எங்கள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து, மகன் ராயல் தெருவிலுள்ள பிரென்னன்ஸ் உணவகத்துக்கு அழைத்துப் போனான். இளஞ்சிவப்பு வண்ணக் கட்டடம். விலைப்பட்டியலைப் பார்த்தால் மயக்கம் வரும். 1951-இல் அவர்கள் உண்டாக்கிய 'பனானாஸ் ஃபாஸ்டர்' உலகப் புகழ் பெற்றது. மத்திய அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வாழைப்பழம் வந்திறங்கிய துறைமுகம் அது. வெண்ணெய், சர்க்கரை, இலவங்கப்பட்டை ஆகியவற்றோடு வாழைப்பழத்தை மேசையருகிலேயே வதக்கி, ரம் ஊற்றித் தீ மூட்டுகிறார்கள். குப்பென்று எழும் சுடர் அடங்கியதும் ஐஸ்கிரீமின்மேல் சரிக்கிறார்கள். பேத்தி கைதட்டினாள். இல்லத்தரசியோ சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு பின்வாங்கினார். சுவைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வாழைப்பழத்துக்கு இவ்வளவு வாணவேடிக்கை வேண்டுமா என்பதே எங்கள் கருத்து.

அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு மகன் வேறொரு தெருவில் வண்டியை நிறுத்தினான். பெயர் பெற்ற இடமல்ல. பத்துப் பன்னிரண்டு மேசைகள், சுவரெல்லாம் பழைய இசைக்குழுப் படங்கள். வெளியே வரிசை நின்றது. எங்களுக்கென்று என்ன வரவழைப்பது என்று எங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டான். முதலில் ஆர்ட்டிசோக் என்னும் பூமொட்டின் அடிப்பாகத்தின்மேல் கீரை மசியல், அதன்மேல் ஓடின்றி வெந்நீரில் வேகவைத்த முட்டை, மஞ்சட்கருவும் வெண்ணெயும் எலுமிச்சையும் கூட்டிய குழம்பு. அடுத்து வந்ததுதான் எங்களை வீழ்த்தியது. மக்காச்சோள நொய்யைக் குழையக் கிண்டி, மெல்லியதாய் அறுத்த மாட்டிறைச்சியைத் தக்காளி, வெங்காயம், குடைமிளகாயோடு நெடுநேரம் வேகவைத்து மேலே ஊற்றியிருந்தார்கள். கிரில்லாட்ஸ் என்பார்கள். இல்லத்தரசி பாதி உண்டபின் கரண்டியைக் கீழே வைத்து, "இது நம் அம்மா வைத்த சோளக் கூழும் கறிக்குழம்புமடா" என்றார். குரல் சற்று இடறிற்று.

"சமைத்தது யார் தெரியுமா அம்மா?" என்றான் மகன். "அத்தைதான். முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை இந்த அடுப்படி அவருடையது. அதனால்தான் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போகிறார்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உயிர்ப்புத் திருநாளன்றும் வேலை என்று சொன்னார்களே, அது சாக்கல்ல, மெய்யாகவே வேலைதான். சாக்குச் சொன்னவர்கள் நாங்கள் மட்டுமே. எழுந்து சமையலறைக் கதவண்டை போனோம். வெள்ளை மேலங்கியில் கையைத் துடைத்தபடி அந்த அம்மையார் வெளியே வந்தார். என்ன பேசுவது என்று நாங்கள் திகைத்து நிற்க, அவரே முந்திக்கொண்டு கேட்டார்: "உப்பு சரியாக இருந்ததா?" இல்லத்தரசிக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. சம்பந்தியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஞாயிறு பதினொரு மணி, மேசையெல்லாம் நிறைந்திருந்த வேளை. போய்விட்டார்.

புதுநன்மை நாளன்று விடியுமுன்பே சம்பந்தியம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டார். முந்தின இரவே சோற்றைக் குழைய மசித்து ஈஸ்ட் கலந்து புளிக்கவைத்த பாத்திரம் கையில் இருந்தது. அதில் முட்டை, சர்க்கரை, கொஞ்சம் மாவு, ஜாதிக்காய்த் தூள் சேர்த்து வைத்தார். பூசை முடிந்து வந்ததும் கரண்டி கரண்டியாக எண்ணெயில் விட்டு எடுத்தார். கலா என்பது அதன் பெயர். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயராயிற்றே என்று சிரித்தோம். பிறகு அவர் சொன்ன வரலாற்றைக் கேட்டபின் சிரிப்பு நின்றது. அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் அரிசிப் பலகாரம் அது. 1724-இல் பிரெஞ்சு அரசு பிறப்பித்த சட்டத்தின்படி ஞாயிறு ஓய்வு நாள். அந்த ஒரு நாளில் பெண்கள் கூடையைத் தலையில் சுமந்து, பூசை முடிந்து பசியோடு வரும் மக்களுக்குக் கூவிக் கூவிச் சுடச்சுட விற்பார்கள். ஸ்பானியர் ஆட்சியில், பணம் கொடுத்துத் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் உரிமை அடிமைக்கு இருந்தது. கலா விற்ற காசைச் சேர்த்து விடுதலை வாங்கியவர்களும் உண்டு. தெருவில் அந்தக் கூவல் ஓய்ந்து வெகுகாலமாயிற்று. சில குடும்பங்களில் புதுநன்மை போன்ற நாட்களில் மட்டும் அது தொடர்ந்து வந்தது. இப்போது சில உணவகங்களும் அதனை மீட்டெடுத்து முற்பகல் விருந்தில் வைக்கின்றன.

"என் பாட்டி நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து இதைச் சாப்பிடுவார்" என்றார் சம்பந்தியம்மாள். இல்லத்தரசி மகனிடம், "நம் பாட்டியும் அப்படித்தான் இருந்தாள் என்று சொல்லடா" என்றார். அவன் சொன்னான். வெள்ளை உடையில் சர்க்கரைப் பொடி சிந்தச் சிந்தப் பேத்தி ஆறாவது கலாவை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

பணியாரம் சுடும் முறையை இல்லத்தரசி சைகையிலேயே விளக்கினார். குழியுள்ள இரும்புச் சட்டி ஒன்று உண்டு, எண்ணெய் இவ்வளவு வேண்டாம் என்றதும் சம்பந்தியம்மாள் காகிதமும் பென்சிலும் எடுத்துவந்து படம் வரையச் சொன்னார். எத்தனை குழி என்று கேட்டார். ஏழு குழிச் சட்டியும் உண்டு, பன்னிரண்டு குழிச் சட்டியும் உண்டு என்றோம். சற்று யோசித்து, ஏழே போதும் என்றார். பழக்கிய சட்டியாகக் கிடைத்தால் நல்லது என்று இங்கே தேடிக்கொண்டிருக்கிறோம். மகன் குடும்பத்தோடு சம்பந்தியம்மாளும் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு ஊருக்கு வருகிறார்.