நூலளவு துளை

தை மாதம். ஒட்டன்சத்திரத்தில், பழநிச் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய வெள்ளை டாக்சி ஒன்று பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது. கண்ணாடி முழுக்கப் புழுதியும் பூச்சியும்.

"கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கலண்ணே. மோட்டார் போயிருச்சு, புதுசு போட்டுருங்க" என்கிறார் டிரைவர். சின்ன வயது. ராத்திரி மதுரைக்குச் சவாரி இருக்கிறதாம்.

மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கிறார். தண்ணீர் இருக்கிறது. பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றுகிறார். "லீவர இழுத்தா வைப்பரும் சேந்து ஓடும். காஞ்ச புழுதியில ஓடினா கண்ணாடி கீறிரும். சாவிய மட்டும் போடு, இன்ஜின் வேணாம்."

தகடு தட்டிக்கொண்டிருந்த பையனைக் கையமர்த்திவிட்டு, முன்சக்கரத்தின் அருகே குனிந்து காது கொடுக்கிறார். டிரைவர் லீவரை இழுக்க, உள்ளே மெல்லிய இரைச்சல்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. சத்தமே வரலைன்னாத்தான் ஃபியூஸு, கப்ளரு, மோட்டாருன்னு பாக்கணும். சத்தம் வந்து தண்ணி வரலைன்னா வழியில கோளாறு. போதும் விடு, வெறுமனே ஓட்டினா சூடாயிரும்."

கறுப்பு டியூபை விரலால் தடவிக்கொண்டே வருகிறார். எலி கடித்த தடமில்லை, மடிப்பில்லை. நாசிலுக்குப் போகும் முனையை உருவிப் பிடித்து, "இப்ப இழு" என்கிறார். தண்ணீர் பீறிட்டுச் சட்டையை நனைக்கிறது. அவர் முகத்தில் திருப்தி. கோளாறு நாசிலில்தான்.

கழற்றிய நாசில் உள்ளங்கையில் கிடக்கிறது. நூல் நுழையும் அளவுள்ள துளை. அதன் வாயில் வெள்ளைப் பொருக்கு.

"போர் தண்ணியா ஊத்தின?"

"ஆமாண்ணே. கொஞ்சம் ஷாம்பும் போட்டேன்."

"அதான். இன்ஜின் சூட்டுல தண்ணி காஞ்சுருது. உப்பு தங்கிருது."

வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து நாசில்களை ஊறப் போடுகிறார். பையன் குண்டூசி எடுத்து வருகிறான். வேண்டாம் என்று தலையசைத்து, பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவித் துளைக்குள் மெதுவாக விடுகிறார். "ஊசியக் குத்துனா துளை பெருசாயிரும். அப்புறம் பீய்ச்சாது, வழியும்." பின்பக்கமிருந்து லேசாக ஏர் அடிக்கிறார். பொருக்கு உதிர்ந்து விழுகிறது. பாசி படிந்த டேங்கை அலசி, ஃபில்டர் தண்ணீரில் வாஷர் லிக்விட் கலந்து நிரப்புகிறார்.

மாட்டி முடித்ததும் இரண்டு தாரைகள் கண்ணாடியில் விழுகின்றன. ஒன்று தாழ்ந்திருக்கிறது. இதற்குத்தான் குண்டூசியை வாங்குகிறார். நுனியை மட்டும் துளையில் வைத்து, நாசிலின் உருண்டையை ஒரு மயிரிழை மேலே திருப்புகிறார். "வேகமாப் போறப்ப காத்து அழுத்தும். கொஞ்சம் மேலயே விழட்டும்."

டிரைவர் பர்ஸை எடுக்கிறார். மெக்கானிக் வாங்குவது கூலியும் லிக்விடுக்கான காசும்தான். சாலையைக் காட்டுகிறார். பச்சை வேட்டியும் காவித் துண்டுமாகப் பாதயாத்திரைக் கூட்டம் பழநி நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

"இவங்க ராத்திரியெல்லாம் நடப்பாங்க தம்பி. அழுக்குக் கண்ணாடியில எதிர்வண்டி லைட் பட்டா வெளிச்சந்தான் தெரியும், ஆள் தெரியாது. வண்டிய எடுக்குமுன்ன தெனமும் ஒரு தடவ தண்ணி அடிச்சுப் பாத்துக்க."